மேல்வீட்டுக்காரரின் கல்

ஹெக்டர் மாதிசன் தன் மனைவி எஃபியிடம் கடைசியாகப் பேசியது ஒரு பிளாஸ்க்கைப் பற்றி.

மார்ச் மாதக் கடைசி வாரம். மலைச்சரிவில் பனி அங்கங்கே அழுக்குத் துணிபோலக் கிடந்தது. ஆடுகள் குட்டி போட இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஹெக்டர் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். எஃபி பிளாஸ்க்கில் டீ ஊற்றினாள்.

"மூடியை நல்லா திருகினியா?"

"திருகியாச்சு."

"திருகினாலும் ஒழுகும்."

"அப்புறம் எதுக்குக் கேக்கிற?"

"கேக்கலைன்னா புதுசு வாங்கணும்கிறதையே நீ மறந்துடுவ."

"வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போறப்ப வாங்கிட்டு வரேன்."

"பதினோரு வருஷமா வெள்ளிக்கிழமை வந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றான் ஹெக்டர். பிளாஸ்க்கை ஒரு பழைய கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துப் பையில் நிமிர்த்தி வைத்தான். கிளென் என்று நாயைக் கூப்பிட்டான். அவனும் நாயும் போனார்கள்.

மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்துப் பண்ணை மர்டோ வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். மர்டோ தொப்பியைக் கழற்றி எஃபி அதிகம் பார்த்ததில்லை. தேவாலயத்தில்கூட முதல் பாட்டு ஆரம்பிக்கிறவரை தலையில்தான் இருக்கும். அந்த வழுக்கைத் தலையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஹெக்டர் ஆட்டுப்பட்டியின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் வெயில். நாய் அவன் பூட்ஸின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. சுவரில் புதிதாக ஒரு பொந்து. அதிலிருந்து உருவிய கல் அவனுக்கு முன்னால் புல்லில் இருந்தது. பக்கத்தில் ஒரு தீவனச் சாக்கும் கயிறும். பிளாஸ்க்கில் டீ பாதி இருந்தது. மீதி காலுறையில் இருந்தது.

இதயம் சட்டென்று நின்றிருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அறுபத்தேழு வயது. ஊரில் மற்றவர்கள் போன விதத்தை எஃபி பார்த்திருக்கிறாள். இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு, ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு, மாதக்கணக்கில். ஹெக்டருக்கு அது வாய்க்கவில்லை. தன் சுவர், தன் நாய், மார்ச் மாதத்தில் அபூர்வமாக வரும் வெயில். அழுதுகொண்டிருந்தபோதும் அதற்காக நன்றி சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்குச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியை இறக்க எட்டுக் கயிறுகள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஆள் குறித்துச் சீட்டு கொடுப்பார்கள். தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுக்கு. ஹெக்டருக்கும் எஃபிக்கும் பிள்ளைகள் இல்லை. தலைமாட்டுக் கயிற்றை எஃபியே பிடித்தாள். கால்மாட்டில் மர்டோ. பெட்டி இறங்கும்போது மர்டோவின் கயிறு மட்டும் நடுங்கியது. மரத்தின் வழியாக அந்த நடுக்கம் அவள் கைக்கு வந்தது.

பிறகு ஊர் வந்தது. யார் யாரோ சூப் கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ விறகு அடுக்கினார்கள். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்ததும் மர்டோ தன் வீட்டைப் பூட்டிவிட்டு விடியற்காலையிலேயே வந்துவிடுவான். ஒரு குட்டிகூட வீணாகவில்லை. எஃபிக்கு இதெல்லாம் எப்படித் தாங்குவது என்று தெரியாத அளவுக்கு இருந்தது.

அடக்கம் முடிந்த முதல் வாரத்தில் ஒருநாள் மர்டோ சமையலறைக்கு வந்து மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எஃபி, ஒண்ணு சொல்லணும். பட்டிச் சுவரு சரி பண்றப்பதான அவன் போனான். கையில எடுத்த வேலையை அவன் என்னிக்கும் அரைகுறையா விட்டவன் இல்ல. அதனால அந்தக் கல்லை நானே வச்சுட்டேன். அவன் உருவி வச்ச அதே கல்லு. பொந்துல அப்படியே பொருந்திடுச்சு. ஹெக்டரோட கடைசிக் கல்லு."

சொல்லிவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

எஃபி எழுந்து போய் மர்டோவின் தோளைத் தட்டினாள். "ரொம்ப நன்றி மர்டோ" என்றாள். வேறு என்ன சொல்வது? ஹெக்டர் அந்தக் கல்லைச் சுவரில் வைக்கப் போகவில்லை. சுவரிலிருந்து எடுக்கப் போயிருந்தான்.

*

அந்தக் கதை முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தையது. எஃபிக்கும் ஹெக்டருக்கும் கல்யாணமாகி ஏழாவது மாதம். அதுவும் ஒரு மார்ச் கடைசி. காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. சினை ஆடுகளைக் கீழே இறக்க ஹெக்டர் மலைக்குப் போனான். மதியம் ஒரு மணிக்கு வடக்கிலிருந்து பனிப்புயல் வெள்ளைச் சுவர்போல வந்து நின்றது. முற்றத்தில் இருந்த தண்ணீர்த்தொட்டி எஃபியின் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் புயலில் அடுத்த பள்ளத்தாக்கில் இரண்டு மேய்ப்பர்கள் செத்துப்போனார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹெக்டர் தானாகவே நடந்து வந்தான். புருவத்தில் பனிக்கட்டி. "டீ இருக்கா?" என்று கேட்டான்.

மலைச்சரிவில், வீட்டுக்கு நேர் மேலே, ஒரு கற்குவை இருந்தது. கணக்குக்கெட்டாத காலத்துக்கு முன்னால் யாரையோ புதைத்து, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்த இடம். ஐந்தாறு எட்டில் கடந்துவிடலாம், இடுப்பளவு உயரம். அதன் பின்பக்கத்தில் கற்கள் போய் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கன்னத்தைக் கல்லில் வைத்து, காற்றுப் படாமல் ஹெக்டர் படுத்துக் கிடந்தான். உயிரோடு வந்தான்.

ஒரு மாதம் கழித்துப் பட்டிச் சுவர் வழக்கம்போல இடிந்து விழுந்தது. எப்போதும் அதே இடத்தில்தான் விழும். சாந்து எதுவும் இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர் அது. ஹெக்டர் கற்களைத் திரும்ப அடுக்கக் குனிந்தான். ஒன்றைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். உருண்டையாக, வழவழவென்று, பன் ரொட்டிபோல இருந்தது. அந்த மாதிரிக் கல்லை அவன் கன்னத்துக்குத் தெரியும்.

அந்த மலையின் கல் தட்டையாக, விளிம்போடு உடையும். சுவருக்கென்றே செய்ததுபோல. உருண்டைக் கல் கீழே ஆற்றில்தான் கிடைக்கும். சுவர் கட்டுகிறவன் எவனும் ஆற்றிலிருந்து உருண்டைக் கல்லைத் தூக்கிக்கொண்டு மலை ஏறமாட்டான். முட்டைகளை அடுக்கிச் சுவர் கட்டுவதும் அதுவும் ஒன்றுதான். அந்தக் கற்களை ஆற்றிலிருந்து சுமந்து ஏறியவர்கள் கற்குவையைக் கட்டியவர்கள். அங்கிருந்து உருட்டிக் கீழே கொண்டுவந்தது ஹெக்டரின் தாத்தா. பட்டி கட்டுகிற அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார்.

அன்று சாப்பிடும்போது ஹெக்டர் சொன்னான்: "எங்க தாத்தா அந்த மனுஷனோட கூரையைப் பிரிச்சு ஆட்டுக்குச் சுவர் கட்டியிருக்கார். அந்த மனுஷன் எனக்குப் படுக்க இடம் குடுத்திருக்கார். நல்லாவா இருக்கு?"

"உங்க தாத்தா பிரிக்கலைன்னா நீ படுக்கறதுக்குப் பள்ளமே இருந்திருக்காதே" என்றாள் எஃபி.

"அது வேற பேச்சு."

அன்றிலிருந்து கற்குவையில் இருப்பவருக்கு ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை, புயல் வந்த அந்த வாரத்தில், ஹெக்டர் பட்டிச் சுவரிலிருந்து ஓர் உருண்டைக் கல்லை உருவுவான். அந்தப் பொந்தில் தட்டைக் கல் ஒன்றை வைத்து இறுக்குவான். உருண்டைக் கல்லைச் சாக்கில் கட்டி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் பின்பக்கத்துப் பள்ளத்தில் வைத்துவிட்டு வருவான்.

"எல்லாத்தையும் ஒரே வாரத்துல கொண்டு போட்டா என்ன?" என்று எஃபி ஒருமுறை கேட்டாள்.

"வேலை முடிஞ்சிடும். வருஷத்துக்கு ஒண்ணுன்னா நினைப்பு இருக்கும்."

"பள்ளம் மூடிட்டா அடுத்தவன் பனியில மாட்டிக்கிறப்ப எங்க படுப்பான்?"

"அடுத்தவன்கிட்ட செல்போன் இருக்கும்" என்றான் ஹெக்டர். அந்த மலையில் இன்றுவரை சிக்னல் கிடையாது.

யாருக்கும் சொல்லவில்லை. கற்குவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது என்று அரசாங்கம் பலகை நட்டிருந்தது ஒரு காரணம். மர்டோவின் வாய் இன்னொரு காரணம். பட்டிச் சுவரின் அடித்தளத்தில் இரண்டு உருண்டைக் கற்கள் இருந்தன. அவற்றைத் தொட்டால் சுவரே போய்விடும். "அது ரெண்டையும் மேல்வீட்டுக்காரர் நமக்கே விட்டுட்டார்" என்று ஹெக்டர் தானாகவே முடிவு செய்துகொண்டான். மற்றபடி முப்பத்தேழு கல் மேலே போய்ச் சேர்ந்திருந்தன. கடைசியாக ஒன்று மிச்சம். இருப்பதிலேயே பெரியது.

"இளவயசுல சின்னதா பார்த்துத் தூக்கிட்டு, கிழவனான அப்புறம் தூக்கறதுக்குன்னு பெருசை வச்சிருக்கிற ஒரே புத்திசாலி நீதான்" என்று எஃபி கேலி செய்வாள்.

அந்தக் கல்தான் இப்போது மர்டோவின் கையால் சுவருக்குள் திரும்பிப் போயிருந்தது.

*

ஆண் துணை இல்லாமல் மலைப்பண்ணையை நடத்த முடியாது. எஃபி குத்தகையை விட்டுவிட முடிவு செய்தாள். மே இருபத்தெட்டு, குத்தகைக் கெடு நாள். அன்று சாவியைக் கொடுத்துவிட்டு, கடற்கரை ஊரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டுக்குப் போகவேண்டும். ஏப்ரல் முழுக்க அவள் தினமும் ஒருமுறை பட்டிப்பக்கம் போய் அந்தக் கல்லைப் பார்ப்பாள். மர்டோ தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொடுவான். கல்லுக்கு அவள் மரியாதை செலுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டான். தனியாக உருவிவிடலாம் என்றால் இடுப்பு ஒத்துழைக்காது. அவனிடம் சொல்லலாம் என்றால் அந்த முகத்தைப் பார்த்தால் நாக்கு எழாது.

கெடுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு சிறிய வேன் முற்றத்தில் வந்து நின்றது. அரசாங்கத்தில் பழைய சின்னங்களைப் பார்த்து எழுதுகிற வேலையில் இருப்பவள். ரோனா லீஸ்க் என்று பெயர். முப்பது வயது இருக்கும். காலையிலேயே மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. எஃபி பெட்டிகளை ஒதுக்கி நாற்காலி போட்டு, ஸ்கோன் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள்.

"கற்குவை நல்லா இருக்கு மிஸஸ் மாதிசன். இந்தப் பக்கத்துல இவ்வளவு நல்ல நிலைமையில வேற எதுவும் இல்ல. ஒரே ஒரு தொந்தரவுதான்."

"என்னம்மா?"

"பின்பக்கம் யாரோ கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. மலையேற வர்றவங்களா இருக்கும். உச்சியில ஆளுக்கு ஒரு கல்லு வச்சுட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி. முப்பது, நாப்பது இருக்கும். ஜூன்ல ஆளுங்களோட வந்து எடுத்துடுவோம்."

எஃபி கத்தியைக் கீழே வைத்தாள். "எடுத்து?"

"கீழே எங்கயாவது ஓரமா கொட்டிடுவோம்."

"அது வெளியில இருந்து வந்த கல்லுன்னு எப்படிச் சொல்ற?"

"பாசியை வச்சுத்தான். மத்த கல்லுல எல்லாம் பாசி சுத்தி வளர்ந்திருக்கு. இதுங்கள்ல ஒரு முகத்துல மட்டும்தான். ரொம்ப காலம் வேற எங்கயோ, ஒரு பக்கம் மட்டும் காத்து வெளிச்சம் பட்டு இருந்திருக்கு. சுவர்ல இருந்த மாதிரி."

எஃபி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே பட்டியில் மர்டோ குட்டிகளுக்குச் சாயம் பூசி அடையாளம் போட்டுக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்தே அவன் கை சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு மாதம் அவன் இந்தப் பண்ணையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறான். வாயைத் திறந்தால் அவன் மனசு நோகும். திறக்காவிட்டால் ஹெக்டர் முதுகில் சுமந்த முப்பத்தேழு வருஷமும் ஏதோ ஓர் ஓரத்தில் கொட்டப்படும்.

"கோட்டைப் போட்டுக்கோம்மா" என்றாள். "அந்தச் சுவரைக் காட்டறேன்."

*

பட்டியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். புயல், பள்ளம், தாத்தா, முப்பத்தேழு கல். ரோனாவைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் மர்டோ ஒரு குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கதை முடிவதற்கு முன்பே குட்டியை இறக்கி விட்டுவிட்டான். அது பாதிச் சாயத்தோடு ஓடிவிட்டது.

"அப்ப நான் என்ன பண்ணியிருக்கேன்?" என்றான் மெதுவாக. "அவன் வெளியே எடுத்த கல்லை நான் திரும்ப உள்ளே சொருகியிருக்கேன்."

"நல்லது நினைச்சுத்தான செஞ்ச, மர்டோ."

"நல்லதாவது! ரெண்டு மாசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், ஹெக்டரோட கடைசிக் கல்லை நான்தான் வச்சேன்னு. பாதிரியார் அதைப் பிரசங்கத்துல வேற சொல்லிட்டாரு! முன்வரிசையில உக்காந்து நான் தலையாட்டினேன்!"

ரோனா சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

"என் மூஞ்சி அவ்வளவு மோசமா?"

"அன்னிக்கு ரொம்ப மோசம்."

மர்டோ சுவரின்மேல் உட்கார்ந்தான். இப்போது கோபம் வேறு பக்கம் திரும்பியது. "முப்பத்தேழு வருஷம்! ஒரு வார்த்தை மூச்சு விடல திருட்டுப்பய! ஒவ்வொரு மார்ச்சும் நான் வந்து இங்க நின்னு கேப்பேன், ஏண்டா, உனக்கு ஒரு சுவர் உருப்படியா கட்டத் தெரியாதான்னு. இந்தப் பக்கத்துலயே அவனை மாதிரி கல்லு அடுக்க ஆள் கிடையாது. ‘என்னமோ வரமாட்டேங்குதுடா மர்டோ’ன்னு தலையைச் சொறிவான். நானும் நம்பினேன்!"

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று எஃபி நினைத்தாள். கிட்டே போனால் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டுமாக ஆயிற்று.

ரோனா முழந்தாளிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றை முகத்தில் பாசி. விரலால் அதன் விளிம்பைத் தொட்டாள். "மேல இருக்கிற அதே கல்லு" என்றாள். "ஆத்துக் கல்லு. நான் இதை யோசிக்கவே இல்ல. கீழே இருந்து யாரோ கொண்டுவந்து போட்டதுன்னுதான் நினைச்சேன். திரும்பி வந்ததுன்னு நினைக்கல."

மர்டோ எழுந்து அந்தக் கல்லுக்கு மேலே இருந்த இரண்டு தட்டைக் கற்களை இறக்கினான். "நான் வச்சது. நானே எடுக்கறேன்." கல்லை ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவந்தான். நல்ல கனம்; வளர்ந்த ஆட்டுக்குட்டி அளவு. "சண்டாளன், சின்னதா ஒண்ணை மிச்சம் வைக்கக் கூடாது?"

கல் ஓடைவரை மர்டோவின் நாலு சக்கர பைக்கில் போயிற்று. எஃபி பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் சதுப்பும் செங்குத்தும், சுமந்துதான் போகவேண்டும். மர்டோ முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"வேண்டாம்" என்றாள் எஃபி. "ரெண்டு பேரும் தூக்கலாம்."

"உன் இடுப்பு?"

"இடுப்புக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

சாக்கின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். மேல்பக்கக் கயிற்றை எஃபி பிடித்தாள், கீழ்பக்கத்தை மர்டோ. தூக்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பிடித்த அதே தலைமாடு, அதே கால்மாடு. அன்று இறக்கினார்கள். இருபது எட்டு வைத்து நின்றார்கள், இருபது எட்டு வைத்து நின்றார்கள். ரோனா ஒரு கை கொடுக்க வந்தபோது மர்டோ, "நீ அரசாங்கம்மா, பார்த்துக்கிட்டு மட்டும் வா" என்றான். கிளென் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, மறுபடி போயிற்று. எங்கேயோ உயரத்தில் ஒரு வானம்பாடி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

கற்குவையின் பின்பக்கம் வந்து சாக்கை இறக்கினார்கள். எஃபி இங்கே வந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கும். பள்ளம் ஏறக்குறைய மூடியிருந்தது. ஹெக்டர் கற்களைக் கொட்டவில்லை. சுவர் கட்டுகிறவன் கை அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் அடுத்ததில் சாய்ந்து, அசையாமல். நடுவில் ஒரே ஒரு குழி, சாக்கில் இருக்கும் கல் அளவுக்கு.

மர்டோ கல்லைத் தூக்கப் போனான். ரோனா தொண்டையைச் செருமினாள்.

"மன்னிச்சுக்கணும். அனுமதி இல்லாம நான் கண்ணால பார்த்துக்கிட்டு இருக்கிறப்ப அதுமேல வைக்க முடியாது. எழுதிப் போடறேன். கண்டிப்பா நல்லவிதமா எழுதறேன். ஆறு மாசம் ஆகும்."

"எட்டு நாள்ல இவ போறா!" என்றான் மர்டோ. "ஹெக்டரா இருந்தா உன் தலை திரும்பினதும் வச்சிருப்பான். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா. ஆறு அழகா தெரியும்."

ரோனாவின் முகம் சிவந்தது. திரும்பலாமா என்று அவள் நினைப்பது தெரிந்தது. எஃபிக்கு அந்தப் பெண்ணின்மேல் பாவமாக இருந்தது.

"திரும்ப வேண்டாம்" என்றாள். "முப்பத்தேழு கல்லு ஒளிச்சு வச்சாச்சு. ஒளிச்சு வச்சதனாலதான் இன்னிக்கு அதை யாரோ போட்டதுன்னு நினைச்சு எடுக்க இருந்தாங்க. இது தெரிஞ்சே வரட்டும். கீழே வச்சா தப்பில்லையே?"

"வட்டத்துக்கு வெளியே, புல்லுல வச்சா ஒண்ணும் இல்ல."

"அப்ப புல்லுல வை மர்டோ. ஆறாயிரம் வருஷமோ என்னமோ காத்திருக்கார். ஆறு மாசம் காத்திருக்க மாட்டாரா?"

"அனுமதி வந்தா நீதான் வந்து வைக்கணும்" என்றான் மர்டோ.

"நீ வை. வைக்கிறது உனக்குப் பழக்கம்தான."

மர்டோ அவளை முறைத்துவிட்டுக் கல்லை இறக்கினான். பாசி படிந்த முகம் மேலே இருக்கும்படி, குழிக்கு நேர் கீழே. குவியலிலிருந்து ஒன்று நழுவி விழுந்ததுபோல இருந்தது. ரோனா நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினாள். எழுதியதை எஃபி கேட்காமலே படித்துக் காட்டினாள்: பின்பக்கக் கற்கள் இந்தக் குவையின் கற்களே, சுமார் நூறு வருஷத்துக்கு முன் எடுக்கப்பட்டவை, ஹெக்டர் மாதிசன் திருப்பி வைத்தது முப்பத்தேழு; கடைசிக் கல் அவர் மனைவி யூஃபீமியா என்கிற எஃபி மாதிசனும் மர்டோ பாங்க்ஸும் கொண்டுவந்தது. அகற்றவேண்டாம் எனப் பரிந்துரை.

"என் பேரு எதுக்கு?" என்றான் மர்டோ. ஆனால் இன்னொரு முறை படிக்கச் சொன்னான். "பாதிரியாருக்கு ஒரு நகல் குடுக்க முடியுமா?"

எஃபி சற்றுத் தள்ளிப்போய்க் கற்களின்மேல் கையை வைத்தாள். வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தன. கல்லுக்கு அடியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. அன்று இந்த இடம் இல்லாமல் போயிருந்தால் அவள் இருபத்தொன்பது வயதில், கல்யாணமாகி ஏழு மாதத்தில், விதவையின் கறுப்பு உடுத்தியிருப்பாள். நடுவில் முப்பத்தெட்டு வருஷம். சண்டை, ஆட்டுச் சந்தை, உப்புக் குறைந்த கஞ்சி, பிறக்காமல் போன இரண்டு குழந்தைகள், இடுப்புவலி, ஹெக்டரின் குறட்டை. அத்தனையும் இங்கிருந்து கிடைத்தது. மார்ச்சிலிருந்து யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்த நன்றியை அவள் இப்போது சொன்னாள். சத்தமாக இல்லை. மர்டோ கேட்டால் கேலி செய்வான்.

"டீ இருக்கா?" என்று மர்டோ கத்தினான்.

மூவரும் காற்றுக்கு மறைவாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். எஃபி பையைத் திறந்து ஓட்ஸ் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்து வைத்தாள். பிறகு காலுறையோடு அதே பழைய பிளாஸ்க்கை எடுத்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் டவுனுக்குப் போன வெள்ளிக்கிழமைகள் ஏழு. மூடியை நன்றாகத் திருகித்தான் வைத்திருந்தாள்.

காலுறை நனைந்திருந்தது.